நினைவூட்டு செயலியும் ஆச்சியும்: நாஞ்சில் நாட்டுத் தரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், வேலையை விரைந்து முடிக்கத் துணைநிற்பதாகச் சொல்லிக்கொண்டு கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் குடியேறியிருக்கும் செயலிகள் நாஞ்சில் நாட்டில் உண்மையில் என்ன செய்கின்றன என்று ஆராய்தல் நுதலிற்று. ஆய்வெல்லை கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள். தரவு போதாத இடங்களில் கல்குளத்துக்குள்ளும் கால்வைத்திருக்கிறேன். கல்குளத்தை நாஞ்சில் நாட்டில் சேர்க்கலாமா என்று சண்டைக்கு வருவோர் அதைத் தனிக் கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம்.

முன்னோடி ஆய்வுகளில் முதலில் வருவது தக்காளி. 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், தக்காளி வடிவில் இருந்த சமையலறைக் கடிகாரத்தைத் திருகிவைத்து, 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறை வகுத்தார். இன்று பொமோடோரோ என்ற பெயரில் நூற்றுக்கணக்கான செயலிகள் இதையே விற்கின்றன. நம் நாழிகையோ 24 நிமிடம். நாளொன்றுக்கு 60 நாழிகை. ஆக, ஐரோப்பா கூடுதலாகக் கண்டுபிடித்தது ஒரே ஒரு நிமிடம். செயலியைத் திறந்து, விளம்பரத்தை மூடி, தொடங்கும் பொத்தானைத் தேடுவதற்கே அந்த ஒரு நிமிடம் வழங்கப்பட்டது என்பது என் துணிபு. நாழிகை வட்டிலில் விளம்பரம் வருவதில்லை.

மேகக் கணிமை பற்றியும் சொல்ல வேண்டும். பொருள் ஓரிடத்தில் இருக்க, அதன் நிர்வாகம் கண்ணுக்கெட்டாத இன்னோரிடத்தில் நடப்பதுதான் மேகம் என்றால், பத்மநாபபுரம் அரண்மனை இவ்வட்டாரம் தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1 முதலே மேகத்தில் இருக்கிறது. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. அதே அரண்மனையின் மணிமாளிகையில் எடைக்கல் இறங்கும் விசையில் ஓடும் பழைய கடிகாரம் இருக்கிறது. அது அடித்தால் ஊருக்கே கேட்கும் என்பார்கள். அறிவிப்பு ஒலிக்கு அதைவிடப் பழைய சான்று இவ்வட்டாரத்தில் எனக்குக் கிட்டவில்லை. ஒரே வேறுபாடு, அதை யாரும் விரலால் ஓரந்தள்ள முடியாது.

சேமிப்பு விஷயத்திலும் நாம் பின்தங்கவில்லை. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளை அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் எடுத்துப் படித்தார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றில் ஆழ்ந்து உழைத்தவர். எதிர்த்தரப்பில் வுண்டர்லிஸ்ட் என்ற பட்டியல் செயலியை எடுத்துக்கொள்வோம். பெர்லினில் பிறந்தது, 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே மாதம் மூடியது. பத்து வயது நிறையவில்லை. பின்னால் படிக்கலாம் என்று கண்ட கட்டுரையையெல்லாம் எடுத்துவைக்க உதவிய பாக்கெட்டை மொஸில்லா 2025 ஜூலையில் நிறுத்தியது. பின்னால் என்ற அந்த நாள் வரவேயில்லை. வருமுன் பெட்டி போய்விட்டது. ஓலையைச் செல்லரிக்கும் என்பீர்கள். அரிக்கும், ஆனால் செல் முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பி ‘உங்களோடு பயணித்ததில் மகிழ்ச்சி’ என்று சொல்லாது.

கருவி இல்லாததால்தான் வேலை நடக்கவில்லை என்ற வாதம் 2011-லேயே காலாவதியாகிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அக்டோபரில் தில்லியில் மலிவு விலை ஆகாஷ் டேப்லெட் வெளிவந்தது. அதற்குப் பிறகும் நடக்காத வேலைகளுக்கு வேறு காரணம் தேடியாக வேண்டும்.

நாள்காட்டியில்தான் செயலிகள் நாஞ்சில் நாட்டிடம் முதலில் தோற்றன. கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டைக் கணக்கில் வைத்து, திதியைத் திதியாகவும் நட்சத்திரப் பிறந்தநாளை நட்சத்திரமாகவும் கொண்டாடும் வீடுகள் இவை. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை மாசிக் கடைசிச் செவ்வாயை ஒட்டி வரும். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். இதைச் செயலியில் பதிய முயலுங்கள். தினமும், வாரந்தோறும், மாதந்தோறும், ஆண்டுதோறும் என்று நாலே கதவு திறக்கும். மாசி என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. மார்ச் 12 என்று ஒருமுறை பதிந்து ஆண்டுதோறும் என்று அழுத்தியவர், மறு ஆண்டு கொடை முடிந்த மறுநாள் பூமாலையோடு பஸ் ஏறுவார். சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கும் தினசரி காலண்டருக்கு இந்தக் குழப்பம் கிடையாது. ராகுகாலம், பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, யாரோ ஒருவரின் பெயரில்லாத போன் நம்பர் எல்லாம் ஒரே தாளில். சார்ஜ் தீராது. தாளைக் கிழித்தவுடன் அன்றைய தோல்வியும் குப்பைக்குப் போய்விடுகிறது. செயலியிலோ அது சிவப்பு எழுத்தில் ‘3 நாள் தாமதம்’ என்று நிற்கும்.

பயனர்களுள் மூவகையினர் உண்டு. பட்டியல் போடுவதையே தொழிலாகக் கொண்டோர் ஒரு வகை. எழுதுகோல், மடக்கு விசைப்பலகை, சாய்த்து வைக்கும் தாங்கி என்று வாங்கிக்கொண்டே இருந்து, அவற்றுக்கெல்லாம் சார்ஜ் போடுவதில் பொழுது கழிப்போர் இன்னொரு வகை. இவ்விரு சாராரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வகையினர்தான் அறிவாளிகள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள், குழு தொடங்க அன்று ஆள் வேண்டியிருந்ததால் மைத்துனனைச் சேர்த்தார்கள், உடனே அவனை நீக்கினார்கள். மிஞ்சிய தனிக்குழுவில் தாமே தமக்கு ‘அரைக்கிலோ பயறு, வெளக்கெண்ணெய்’ என்று எழுதிக்கொள்வார்கள். 2022-இல் வாட்ஸ்அப்பே தனக்குத்தானே செய்தி அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. இருந்தும் பழைய குழுக்கள் கலையவில்லை. நீக்கப்பட்ட மைத்துனன்மாரின் மனத்தாங்கலும் தீரவில்லை.

இனிக் களஆய்வு. வடசேரியில் ஓர் அண்ணாச்சி, அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். வளைகுடாவிலிருந்து வந்த மகன் டேப்லெட்டும் மணிக்கட்டில் கட்டும் ஸ்மார்ட் வாட்சும் கொடுத்துப் போனான். பூதப்பாண்டிப் பக்கம் கொஞ்சம் தென்னை உண்டு. முன்பெல்லாம் தேங்காய் வெட்ட வேண்டுமென்றால் காலையில் சாயாக் கடையில் காதில் விழும்படி இரண்டு முறை சொல்லுவார். அந்தப் பேச்சு எப்படியோ நடந்துபோய், வாரக் கடைசியில் ஆள் வந்து மரத்தில் ஏறிவிடுவான்.

டேப்லெட் வந்தபின் ‘தேங்கா வெட்ட ஆள் சொல்லணும்’ என்று அதில் பதிந்தார். தோப்பு என்று பச்சை நிறத்தில் அடையாளம் கொடுத்தார். செயலி உட்பணிகள் கேட்டது. ஆளைக் கூப்பிட, கூலி பேச, வியாபாரியிடம் விலை கேட்க, சாக்கு, வண்டி என்று ஐந்தையும் எழுதினார். மறுநாள் காலை 6.30-க்கு டேப்லெட் டிங் என்றது, வாட்ச் கையில் நடுங்கியது. ‘ஒரு மணி நேரம் கழித்து’ என்று அழுத்தினார். சாயங்காலம் மறுபடியும் டிங். ‘நாளைக்கு’ என்று அழுத்தினார். அழுத்தி முடித்தவர் முகத்தில் ஒரு ஜோலி முடிந்த தெளிச்சம் தெரிந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இப்படியே நாள்கள் போக, தேங்காய்கள் நெற்றாகித் தாமே விழுந்தன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போயின. மரத்தில் வெட்ட ஒன்றும் மீதியில்லை என்பதால் அண்ணாச்சி அந்த வரியில் ‘முடிந்தது’ என்று தட்டினார். செயலி திரை முழுக்க வண்ணக் காகிதம் தூவி அவரை வாழ்த்தியது.

இதற்கு விளக்கம் உளவியலில் இருக்கிறது. முடிந்த வேலையைவிட முடியாத வேலையே நினைவில் நன்றாக நிற்கும் என்று 1927-இல் எழுதினார் ப்ளூமா ஸைகார்னிக். முடியாத வேலையை எப்படிச் செய்வது என்று ஒரு திட்டம் போட்டாலே மனத்தின் அரிப்பு அடங்கிவிடுகிறது என்று 2011-இல் மேசிகாம்போவும் பவுமைஸ்டரும் காட்டினார்கள். மேலைநாட்டார் இதை நற்செய்தியாகக் கொண்டாடினர். நாஞ்சில் நாட்டுத் தரவு வேறு சொல்கிறது. வேலையைச் செய்ய வைத்ததே அந்த அரிப்புதான். செயலி அதை மனிதனிடமிருந்து வாங்கிக் கண்ணாடித் திரைக்குள் வைத்துக்கொண்டது. திரைக்கு அரிப்பதில்லை.

செயலிக்கு முந்தைய காலத்தில் இந்த அரிப்பு சேமிக்கப்பட்டிருந்த இடம் ஆச்சி. அவள் தன் வேலையை நினைவில் வைத்திருந்தாளா என்பது வேறு விஷயம். மற்ற எல்லோர் வேலையும் அவளுக்கு ஓர்மையில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்க ஆள் வந்துபோன நாளிலிருந்தே அவள் விசாரணை தொடங்கிவிடும்.

“ஏல மக்கா, கரண்டு பில்லு கெட்டியாச்சா?”

“நாளைக்கி கெட்டுறேன் ஆச்சி.”

“நேத்தும் இதத்தான் சொன்ன. பீசப் புடுங்கிட்டுப் போனாம்னா ஒங்கப்பன் வந்தா வெளக்குப் புடிப்பான்?”

இந்த உரையாடலைத் தொழில்நுட்ப நோக்கில் பார்க்க வேண்டும். ‘நாளைக்கு’ என்ற விடையை ஆச்சி ஏற்றுப் பதிந்துகொள்கிறாள், ஆனால் அதனால் அமைதியடைவதில்லை. மாறாக ஒலி கூடுகிறது. பழைய தவணைகள் அனைத்தையும் தேதிவாரியாக எடுத்து வைக்கிறாள். இணைய இணைப்பு தேவையில்லை. ஆச்சிக்கு வயதாகி மறதி வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மறுப்பு எழலாம். பேரன் பேர் மறந்துபோன ஆச்சிகளும் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை மறந்ததற்கு என் களஆய்வில் சான்றில்லை.

ஆகவே ஒரு பரிந்துரை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தார் இருக்கிறார்கள். நோட்புக் என்ற குறிப்புச் செயலியும் அவர்களிடம் உண்டு. அவர்களைப் போன்றோர் ஒரு பொத்தானைச் சேர்க்கலாம். ‘நாளைக்கு’ என்று ஒருவர் மூன்றாம் முறை அழுத்தியதும் செய்தி அவர் வீட்டிலுள்ள மூத்த பெண்ணின் போனுக்குப் போக வேண்டும். அவர் ‘செரி’ என்று சொன்னாலொழிய அந்த வரியை அழிக்கவோ முடிந்ததென்று தட்டவோ முடியாது. வண்ணக் காகிதம் வேண்டாம்.

இந்தத் திட்டத்தை அண்ணாச்சியிடம் விளக்கினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யோசித்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. மாசம் எவ்வளவு கெட்டணும்?”

வெத்தலை, பாக்குச் செலவு மட்டும் ஆகும் என்றேன்.

“ஓசியில கெடைக்காதா?”

கிடைக்கும், ஆனால் இடையிடையே விளம்பரம் வரும் என்றேன். பக்கத்து வீட்டுப் பையன் இப்பம் என்ன சம்பளம் வாங்குகிறான் என்பது பற்றி.