காவற்கேமரா இலக்கணம்: ஜவ்வாது மலைப் படலம்

காவற்கேமரா வயர் உள்ளது, வயர் இல்லாதது என இருவகைத்து என்பர் கடைக்காரர். அது கீழ்நாட்டு வழக்கு. ஜமுனாமரத்தூர் ஏறியதும் செல்லாது. மலை வழக்கில் அது மூன்று: முழுக்கம்பி, அரைக்கம்பி, கம்பியிலி.

முழுக்கம்பியாவது, படமும் கரண்டும் வயரிலேயே ஓடுவது. த்ரீ ப்ளஸ் ஒன் கேபிளில் டிவிஆருக்குப் போவது ஓர் உட்பிரிவு. ஒரே நெட்வொர்க் கேபிளில் இரண்டையும் அனுப்பும் பிஓஇ மற்றொன்று. பின்னதன் எல்லை 100 மீட்டர். சாமைக் கொல்லையோ பெரும்பாலும் அந்த எல்லைக்கு அப்பால்தான் கிடக்கும். வயரைக் கொடியென்று கொள்வது குரங்கின் மயக்கம். பக்கத்தில் இடி விழுந்தால் நீளச் செம்பு வயர் அதை வாங்கி டிவிஆரிடம் சேர்ப்பிக்கும். ஒரு கேமராவுக்கு வந்த கேடு எல்லாவற்றுக்கும் பரவக்கூடும். ஒருமை பன்மையாவது இவ்விடத்து.

அரைக்கம்பி, வைஃபை கேமரா. அட்டைப்பெட்டியின் மேல் வயர்லெஸ் என்றிருக்கும். உள்ளே அடாப்டரும் வயரும் இருக்கும். படத்துக்குத்தான் வயர் வேண்டாம், கரண்டுக்கு வேண்டும். ஆகுபெயர் என்று ஆறுதல் கொள்க. அதன் அலையை நீர் உறிஞ்சும் ஆதலின், நனைந்த பலாமரம் நடுவே நின்றால் சுவர் நின்றதற்குச் சமம். கரண்ட் போனால் ரவுட்டரும் உடன்போகும். கள்ளனுக்கு அதுதான் வேலைநேரம்.

கம்பியிலிக்கு உறுப்பு மூன்று: சோலார் பலகை, பேட்டரி, சிம். இதுவே தலையாயது என்பர், டவர் எட்டும் மேட்டில் குடியிருப்போர். பேட்டரியைக் காக்க இது உறங்கிக் கிடக்கும். உடற்சூடு நகர்வதை உணர்ந்து விழிப்பதற்குள் காட்டுப்பன்றி பாதி கடந்திருக்கும். படத்தில் வால் வெளிப்படை. முகம் வருவித்து உரைத்துக்கொள்க. கார்த்திகை மூட்டத்தில் நாலு நாள் வெயில் இல்லையெனில் விழிப்பும் இல்லை.

இம்மூன்றிலும் அடங்காதது ஒன்று உண்டு. அடிவாரத்துச் செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல். 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு ஒரு நாயும் அதில் நிற்கிறது. பெயர் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்த சேதி எழுத்திலேயே உண்டு. கழுத்துக் கயிற்றைக் கம்பியெனக் கொண்டு நாயை அரைக்கம்பியில் சேர்ப்பாரும் உளர்; அவர் கூற்றுப் பொருந்தாது. காண்டல், விழித்தல், குரைத்தல், கடித்தல் என்னும் நான்கில் கடைசித் தொழில் எந்தக் கேமராவுக்கும் இல்லை. பதிவிலும் கோவிவனே முந்தும். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் டிவிஆர் பழையதை அழித்து எழுதும், கணக்கு பெரும்பாலும் வாரங்களில். கல்லின் பதிவுக்கு ஏறக்குறைய 1,400 ஆண்டு.

இனி விதி. வீட்டுக்கு முழுக்கம்பி, நல்ல எர்த்தும் சர்ஜ் ப்ரொடெக்டரும் சேர்த்து. கொல்லைக்குக் கம்பியிலி, எந்தக் கம்பெனி சிக்னல் எடுக்கிறது என்று கொல்லையிலேயே நின்று போனில் பார்த்த பிறகே சிம் வாங்குக. அரைக்கம்பி திண்ணையளவில் நிற்க. மூன்றுக்கும் மெமரி கார்டோ ஹார்ட் டிஸ்கோ உடனிருப்பது நலம், டவர் போன பொழுதும் படம் தங்கும்.

புறனடை: காவலூரில் 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இரவெல்லாம் விண்மீன் பார்க்கிறது. இருட்டுத்தான் அதற்கு முதல். ஆகலின் அவ்வூர்ப் பக்கத்தார், இரவிலும் கலரில் காட்டுகிறேன் என்று வெள்ளை விளக்கெரிக்கும் கேமராவை விலக்கி, அகச்சிவப்பு உள்ளதையே மாட்டுக.