சூன் பாண் வரும் நேரம்

எழுபதுகளில் நான் உடப்பில் பள்ளிக்கூடம் போன காலத்தில், எங்கள் வகுப்பில் குண்டுப் பிள்ளை என்று ஒருவன்தான் இருந்தான். அவன் கன்னத்தைப் பார்த்து எங்கள் தாய்மார் பெருமூச்சு விடுவார்கள். எங்களுக்கெல்லாம் விலா எலும்பை எண்ணலாம்.

சீனி கூப்பனுக்குத்தான். சங்கக்கடையில் வாங்கிவந்ததை அம்மா போத்தலில் அடைத்துப் பெட்டகத்தில் பூட்டிவிடுவா. பிளேன்டீக்கு உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கிடைக்கும். ஒரு நக்கு, ஒரு மிடறு. தேத்தண்ணி முடியுமட்டும் சீனியும் தாக்குப்பிடிக்க வேண்டும், அது தனிக் கலை. நாளுக்கு 25 கிராமுக்குள் சீனியை நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2015இல். எங்கள் வீட்டுப் பெட்டகம் அதற்கு நாற்பது வருடம் முந்தியது.

பள்ளிக்கூடத்தில் 'கெயார்' நிறுவனம் தந்த பணிஸ். 1973இல் சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷா வந்தது. தம்பி நிறை குறைவென்று மருத்துவிச்சி தந்த பக்கற்றில் தேங்காய்ப்பூ போட்டு அம்மா உருண்டை பிடிப்பா. அப்பா உட்பட ஏழு பேரும் தின்போம். தம்பி ஏன் தேறவில்லை என்று மருத்துவிச்சி ஒவ்வொரு மாதமும் யோசித்துக்கொண்டு போவா.

பின்னேரம் கரைவலை. அம்பாப் பாட்டுக்கு அடியெடுத்து வைத்துக் கயிறு இழுத்தால் கைநிறையக் கீரி மீன் கூலி. அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்.

பிறகு வலையை இழுக்க வின்ச் வந்தது. இப்போது என் பேரன் நாலாம் வகுப்பு. 1, 4, 7, 10ஆம் வகுப்புகளில் சுகாதாரப் பகுதியினர் வந்து பிள்ளைகளை நிறுப்பது வழக்கம். பேரனுக்கு உயரத்துக்கு மிஞ்சிய நிறை என்று துண்டு வந்தது. அவன் பக்கத்து வாங்குப் பிள்ளைக்கு நிறை போதாதென்று இன்னொரு துண்டு. 2022இல் சாமான் விலை ஏறிய பிறகு இரண்டாவது வகைத் துண்டுக்கும் குறைவில்லை. என் மகள் துண்டைப் பார்த்துக் கலங்கிவிட்டாள்.

"புள்ளைக்குக் கண்ணூறு பட்டிரும் அப்பா. எழுதி வேற தந்திருக்காங்க!"

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2016 ஆகஸ்ட் முதல் மென்பான போத்தல்களில் நிறம் கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடையில் செம்மஞ்சள். பேரனுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. "சிவப்புத்தான் ருசி" என்று பார்த்தெடுக்கிறான். கொம்பனிகளும் கணக்கில் சளைத்தவர்கள் அல்ல. சீனியைக் கொஞ்சம் குறைத்தால் செம்மஞ்சளுக்கு வந்துவிடலாம். 10 கிராமில் நின்றாலும் 400 மில்லிலீற்றர் போத்தலுக்குள் 40 கிராம், எட்டுத் தேக்கரண்டி. அம்மாவின் பெட்டகத்தில் ஒரு கிழமைக்குக் காணும். 2017 நவம்பரில் மென்பானச் சீனிக்குக் கிராமுக்கு ஐம்பது சதம் வரி போட்டார்கள். நல்ல வேலை என்று நான் மெச்சி முடிப்பதற்குள் அதைக் குறைத்தும் விட்டார்கள்.

பள்ளிக்கூடக் கென்டீனுக்குச் சுற்றறிக்கை உண்டு. மென்பானம் விற்கக்கூடாது, கௌபி, கடலை அவிக்கலாம். எல்லாம் சரி. ஆனால் சுற்றறிக்கை படலையோடு நின்றுவிடும். படலைக்கு வெளியே பெத்தோவனின் 'பியூர் எலீஸ்' இசையோடு சூன் பாண் என்னும் பேக்கரி ஆட்டோ வந்து நிற்கும், முதலை வடிவான, முதுகெல்லாம் சீனி தூவிய கிம்புலா பணிஸோடு. அம்பாப் பாட்டு எங்களைக் கயிற்றுக்கு அழைத்தது. இந்தப் பாட்டுக்கு, பேரன் நாற்பது யார் தூரம் ஓடுகிறான். அவனுடைய ஒரே ஓட்டம் அதுதான் என்பதால் நான் தடுப்பதில்லை.

போன கிழமை அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அம்பா பாடிக் காட்டினேன். நாலு அடி பாடுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. சீனி வருத்தத்துக்குக் கிளினிக் கொப்பி வைத்திருக்கும் ஆள் நான். அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் 'பியூர் எலீஸ்' கேட்டது. பேரன் ஓடிப்போய் ஒன்று வாங்கிவந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பாதியைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"அம்மாட்ட சொல்லாதீங்க தாத்தா."

முதலில் முதுகுச் சீனியை நக்கினேன்.