சுவரோரம் ஒரு வீராணம்

கேள்வி: மழை விட்டு நாலு நாளாகியும் வீட்டுச் சுவரோரம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒரு லோடு மணல் கொட்டினால் சரியாகிவிடுமா? – வாசகர், கம்மாபுரம்

பதில்: தண்ணீர் கண்ணில் படாது, அவ்வளவுதான். மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் களிமண்ணில் நின்று, அஸ்திவாரத்தோடு நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும். மணலை விடுங்கள். கிராவல் மண்ணைச் சுவரோரம் உயர்த்திப் போட்டு, திமிசு போட்டு இறுக்குங்கள். பத்தடி தூரத்துக்குள் அரையடி சரிவு வெளிப்பக்கமாக இருக்கவேண்டும். கண்மதிப்பு வேண்டாம், கொத்தனாரின் டியூப் மட்டம் பொய் சொல்லாது.

அடுத்து, மொட்டைமாடிக் குழாய் எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர். அத்தனையும் சுவரடியில் கொட்டிவிட்டு வருணபகவானைத் திட்டலாமா? உங்கள் பக்கத்து நெய்வேலியில் 2015 நவம்பரில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. அதற்கு எந்த வாய்க்காலும் பத்தாது. ஆனால் வருஷா வருஷம் வரும் ஐப்பசி மழைக்குக் குழாயை நீட்டித் தள்ளி விட்டாலே போதும்.

தெரு உங்கள் வாசலைவிட உயரமா? அப்படியானால் குற்றவாளி நீங்கள் இல்லை, சாலைமேல் சாலை போட்டவர்கள். பழைய சாலையைச் சுரண்டியெடுத்த பிறகே புதுச்சாலை போடவேண்டும் என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டிருக்கிறார். அக்டோபர் 2 கிராம சபையில், மழைக்கு முன்பே, இதைச் சொல்லி ஒரு மனுவைக் கொடுத்துவிடுங்கள்.