ஜெயித்தவன் எழுந்திருக்கக் கூடாது

பாண்டிச்சேரி குருசுக்குப்பத்தில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் சீட்டுக்கட்டுக்கு வேலை அதிகம். அந்தக் கச்சேரிகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: தோற்றவன் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், ஜெயித்தவன் போகக் கூடாது. "இன்னா மாமா, வந்ததை வழிச்சிக்கினு கெளம்பிட்டியா?" என்று ஒரு குரல் வந்தால் போதும், மானஸ்தன் மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். விடிவதற்குள் சட்டைப்பை காலி. போக்கர் போட்டியில் கோடிக்கணக்கில் அள்ளியவர்களுக்கும் இதே கதிதான் என்கிறார்கள். கோப்பை கைக்கு வந்த நிமிடமே "அடுத்தது எப்போ?" என்று கேட்க ஆள் வந்துவிடுகிறது.

இந்தச் சட்டத்துக்குப் பாண்டிச்சேரி கொடுத்த மிகப் பெரிய பலி மேதகு ழோசப் பிரான்சுவா துய்ப்ளே, 1742 முதல் 1754 வரை நம் ஊர் கவர்னர்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அவர் சம்பளம் வாங்கிய கும்பெனியே ஒரு சீட்டாட்டக்காரர் கட்டியது. ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1694-இல் லண்டனில் ஒருவரை வாள்சண்டையில் குத்திக் கொன்றுவிட்டு, தூக்குக்குத் தப்பி ஓடி, ஐரோப்பா முழுக்கச் சீட்டு மேசைகளில் கணக்குப் போட்டே பணம் சேர்த்தவர். ஜெயித்த பேரை வைத்துக்கொண்டு பிரான்சுக்கு வந்தார். 1716-இல் வங்கி திறந்தார். 1719-இல் பிரெஞ்சு வியாபாரக் கும்பெனிகளையெல்லாம் ஒன்றாகச் சுருட்டினார். பாண்டிச்சேரியை வைத்திருந்த கும்பெனியும் அந்தச் சுருட்டலில் அடக்கம். 1720 தொடக்கத்தில் நிதி மந்திரி, அந்த வருடக் கடைசியில் நாட்டை விட்டே ஓட்டம். பங்கு விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று ஊர் நம்பியது. இறங்கும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. 1729-இல் வெனிஸ் நகரத்தில் கண்ணை மூடினார். அவருடைய தம்பி மகன்கள் இரண்டு பேர் பிழைப்புக்கு நம் பக்கம் வந்தார்கள். மூத்தவர் ழான் லா பிற்பாடு கவர்னரானார்; லாஸ்பேட்டை அவர் பேரில்தான் இருக்கிறது. இளையவர் ழாக் லா. அவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திருச்சிப் பக்கம் ஒரு முக்கியமான வேலை செய்யப்போகிறார்.

இப்போது 1748. இங்கிலாந்தின் பாஸ்கவேன் பெரிய கடற்படையோடு வந்து பாண்டிச்சேரியை முற்றுகையிட்டார். குருசுக்குப்பத்துக் கரையில் நின்றவர்களுக்குக் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பாய்மரம்தான் தெரிந்திருக்கும். கப்பல்கள் நகரத்தைப் பார்த்துப் பீரங்கி முழக்கின. அத்தனை குண்டுக்கும் தெருவில் போன ஒரு ஏழைக் கிழவிதான் செத்தாள் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னதாக வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். அவள் பேரை எழுத அவருக்குத் தோன்றவில்லை. கரைப்பக்கமும் பாஸ்கவேனுக்கு ஒன்றும் சரிப்படவில்லை. அரியாங்குப்பத்திலேயே நாட்களைத் தின்றார், பிறகு பள்ளம் தோண்டத் தொடங்கினார். அதற்குள் அக்டோபர் வந்தது, மழை வந்தது, காய்ச்சல் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பறிகொடுத்துவிட்டுக் கடலூர்ப் பக்கம் திரும்பினார்.

ஜெயித்தது யார்? வடகிழக்குப் பருவமழை. பேர் வாங்கியது துய்ப்ளே. மாதாகோயிலில் நன்றிப் பாட்டு, கோட்டையில் பீரங்கி வேட்டு, ஆற்காடு முதல் டெல்லி வரை கடிதம். மழைக்குக் கடிதம் எழுதத் தெரியாது, என்ன செய்வது.

அந்த முற்றுகையின்போதுதான் வேதபுரீசுவரர் கோயிலையும் இடித்தார்கள். அதற்கு யாரும் வேட்டு போடவில்லை. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை துரையைப் புகழ்வதில் சளைக்காதவர். அவரே தம் நாட்குறிப்பில் அந்த நாளை வயிறெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

வருடக் கடைசிக்குள் ஐரோப்பாவில் சமாதான ஒப்பந்தம். 1746-இல் பிடித்த சென்னைப் பட்டணத்தை இங்கிலாந்திடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். புத்தியுள்ள ஆட்டக்காரன் அங்கேயே சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி வியாபாரம் பார்க்கப் போயிருப்பான். பாரிசில் இருந்த முதலாளிகளுக்கு வேண்டியதும் நம் ஊர் நீலத்துணிதான். ஆனால் மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டதே! ஆற்காட்டு நவாப் பதவி வேண்டும் என்று சந்தா சாகிப், ஐதராபாத் வேண்டும் என்று முசபர் ஜங். துரை கை வைத்தால் துலங்கும் என்று இரண்டு பேருக்கும் நம்பிக்கை. நம்பிக்கையோடு வருகிறவனைத் துரை ஏன் ஏமாற்றுவார்?

1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் செத்தார். சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஊர்களை நன்றியாகக் கொடுத்தார். 1750-இல் செஞ்சிக்கோட்டை ஒரே ராத்திரியில் விழுந்தது. டிசம்பரில் ஐதராபாத்தை வைத்திருந்த நாசிர் ஜங்கை அவர் கூட இருந்த நவாபே சுட்டுக் கொன்றார். முசபர் ஜங் பாண்டிச்சேரிக்கு வந்து தர்பார் நடத்தினார். நம் துரை நவாபு அங்கி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கிருஷ்ணா நதிக்குத் தெற்கே எல்லாவற்றுக்கும் இவரே அதிகாரி என்று பட்டம், வழுதாவூர் ஜாகீர். நாசிர் ஜங் விழுந்த இடத்தில் 'துய்ப்ளே பத்தேகாபாத்' என்று ஒரு வெற்றி நகரத்துக்கு ஏற்பாடு. நடுவில் தூண், நாலு பக்கமும் நாலு மொழியில் துரை புகழ் என்று மெக்காலே எழுதுகிறார்.

இங்கேதான் விஷயம் கெட்டது. முன்பு தோற்றிருந்தால் துரைக்கு ஒரு சண்டை போயிருக்கும், அவ்வளவுதான். இப்போதோ தோற்றால் தூண் பொய்யாகிவிடும். அங்கி, ஜாகீர், நாலு மொழி எல்லாம் சிரிப்பாகிவிடும். பட்டம் கொடுத்த முசபர் ஜங் 1751 பிப்ரவரியிலேயே போய்ச் சேர்ந்தார். அவரைத் தீர்த்தவர்களும் கூட இருந்த நவாபுகளே. கொடுத்தவர் போனாலும் பட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். சிப்பாய்க்குச் சம்பளம் போடக் கும்பெனிப் பணம் போதாமல் துரை சொந்தப் பணத்தைக் கொட்டினார். ஜெயித்த செய்தி பாரிசுக்கு விரிவாகப் போகும். தோற்ற செய்தி சுருக்கமாகப் போகும், சில நேரம் போகவே போகாது. பாரிசு முதலாளிகளும் சும்மா இல்லை. இவ்வளவு ஜெயிக்கிறாரே, லாபம் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில்தான் இல்லை.

மிச்சமிருந்தது திருச்சி மலைக்கோட்டை, உள்ளே செத்த நவாபின் மகன் முகமது அலி. அதையும் எடுத்தால் ஆட்டம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், கிளைவ் என்ற இங்கிலீஷ் கும்பெனி முன்னாள் குமாஸ்தா 1751-இல் ஆற்காட்டைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். அடுத்த வருடத் தொடக்கத்தில் அந்த வெற்றி நகரத்தின் வழியாகவே போய், அதைத் தரைமட்டமாக்கினார். தூண் இருந்திருந்தால் அதுவும் போயிற்று. ஜூன் மாதம் சீரங்கத்தில் சுற்றி வளைக்கப்பட்ட பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தளபதி, நான் ஞாபகம் வைக்கச் சொன்ன ழாக் லா. சீட்டாட்டக்காரரின் தம்பி மகன் சீட்டைக் கீழே போட்டார். சந்தா சாகிப் தலை போனது.

அதே 1752-இல் பிரான்சு ராஜா துரைக்கு 'மார்க்கி' பட்டம் கொடுத்தார். கப்பல் தபாலின் வேகத்தில் புகழும் தோல்வியும் கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும். பட்டம் வந்த மனுஷன் எப்படிச் சமாதானம் பேசுவார்? திருச்சிக்கு மறுபடி படை அனுப்பினார். மறுபடியும் அனுப்பினார். கூடவே ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஐதராபாத்தில் பிரெஞ்சுத் தளபதி புசி நன்றாகவே தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் நல்ல சீட்டு இருப்பதுதான் ஆட்டக்காரனை மேசையை விட்டு எழவிடாமல் செய்வது.

1754 ஆகஸ்டில் கும்பெனி இயக்குநர் கொதே கப்பலில் வந்து இறங்கினார். துரையோடு முன்பே பழகியவர். விருந்துக்கு வந்திருக்கிறார் என்று ஊர் நினைத்தது. கையில் பணிநீக்க உத்தரவு. அக்டோபரில் துரையும் மனைவியும் கப்பலேறினார்கள். போன ஊரில் முதலில் வரவேற்புதான், வேடிக்கை பார்க்கவும் கூட்டம்தான். அப்புறம் வழக்கு. நான் போட்ட பணத்தைத் திருப்பிக் கொடு என்று இவர். உன்னை யார் போடச் சொன்னது என்று கும்பெனி. அந்தக் காலத்துக் கோடிக் கணக்கு அது.

அவருக்கு முன்னால் சென்னையைப் பிடித்த லபூர்தொனே ஊர் திரும்பி பாஸ்தில் சிறையில் கிடந்தார். அவருக்குப் பின்னால் வந்த லாலி 1761-இல் பாண்டிச்சேரியைப் பறிகொடுத்ததற்காக 1766-இல் தலையையே கொடுத்தார். எதிர்ப்பக்கம் ஜெயித்த கிளைவும் தப்பவில்லை. சொத்து எப்படி வந்தது என்று 1773-இல் பார்லிமெண்ட் அவரைக் குடைந்தது, அடுத்த வருடம் தற்கொலை செய்துகொண்டார்.

துய்ப்ளே 1763 நவம்பரில் பாரிசில் செத்தபோது கும்பெனியோடு கணக்கு தீர்ந்திருக்கவில்லை. 107 வருடம் கழித்து, 1870-இல், பாண்டிச்சேரியில் அவருக்குச் சிலை வைத்தார்கள். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் இப்போதும் நிற்கிறது. அவர் பேரிலிருந்த வீதிக்கு இன்று நேரு பேர்.