வீடு கப்பலேறலாம், மானம் ஏறக் கூடாது!

கோடை விடுமுறை நெருங்கினால் இங்கிலாந்தில் இருக்கிற நம் வாசகர்களுக்குக் காலில் சக்கரம் முளைத்துவிடுகிறது. இந்த இதழ் முழுக்க, மோட்டார்ஹோமைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் கிளம்புகிறவர்களின் கேள்விகள். நடுவில் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவரும் நுழைந்துவிட்டார். நுழையட்டும், அவருக்கும் கடல் இருக்கிறது.

கே.ஆர்., ஈஸ்ட் ஹாம்: பாரிசுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். வீட்டையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு என்ன கோளாறு?

ஓட்டல் அறையில் ரசம் வைக்க முடியாத கோளாறு.

எஸ்.பி., குரோய்டன்: டோவரா, போர்ட்ஸ்மத்தா, கடலடிச் சுரங்கமா? எது மலிவு?

டோவர்–கலே ஒன்றரை மணி நேரம். சுரங்க ரயில் 35 நிமிடம். ஆனால் எல்.பி.ஜி.யில் ஓடுகிற வண்டியைச் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். சமையல் சிலிண்டர் மட்டும் இருக்கலாம், அளவோடு, நன்றாக மூடியபடி. போர்ட்ஸ்மத்திலிருந்து ஸ்பெயினின் சாந்தாந்தேருக்கு ஒரு பகல், ஒரு இரவு, மேலே கொஞ்சம். டிக்கெட் விலையைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வீர்கள். பிடித்த கையை எடுக்காமல், கலேயில் இறங்கி ஸ்பெயின் போய்ச் சேர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகும் டீசலையும் சுங்கத்தையும் கூட்டிப் பாருங்கள். வலி இடம் மாறும்.

ஒரு வாசகர், ஸ்லவ்: கப்பல் டிக்கெட் போடும்போது வண்டியின் நீளம், உயரம் எல்லாம் கேட்கிறார்கள். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என்ன?

கல்யாணத் தரகர் மாப்பிள்ளை உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டினால் ஊர் மன்னிக்கும். துறைமுகத்தில் இரண்டு அங்குலம் குறைத்தால் டேப்போடு வருவார்கள். பின்னால் தொங்கும் சைக்கிள் ஸ்டாண்டு நீளத்தில் சேர்த்தி, கூரைப் பெட்டி உயரத்தில் சேர்த்தி. கப்பலுக்குள் உயரமான வண்டிகளுக்குத் தனித் தளம். பொய் சொன்னவர் அபராதம் கட்டலாம், அல்லது அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கலாம்.

எம்.ஜே., லெஸ்டர்: நான் லைசென்ஸ் எடுத்தது 2003-ல். அப்பா எடுத்தது 1989-ல். பெரிய மோட்டார்ஹோமை யார் ஓட்டலாம்?

அப்பா. 1997 ஜனவரி 1-க்கு முன் பிரிட்டனில் கார் தேர்வு பாஸ் செய்தவர்களுக்கு 7,500 கிலோ வரை உரிமை சும்மா வந்தது. பிறகு வந்தவர்களுக்கு 3,500 கிலோதான். அப்பாவுக்கு 70 ஆகிவிட்டதென்றால் அந்தக் கூடுதல் உரிமையை வைத்துக்கொள்ள மருத்துவர் சான்று வேண்டும். இன்னொன்று: 3,500-ஐத் தாண்டிய வண்டி பிரான்சில் ஓடினால், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத மூலைகளைச் சுட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கரைப் பக்கத்திலும் பின்னாலும் ஒட்டியாக வேண்டும். 2021 முதல் இது சட்டம். அப்பா ஓட்டட்டும். நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்து "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். பழக்கப்பட்ட வேலைதானே.

வி.எஸ்., வெம்ப்ளி: கிரைண்டர், 20 கிலோ பொன்னி அரிசி, தண்ணீர் டாங்க் நிறையத் தண்ணீர். கிளம்பலாமா?

3,500 கிலோ என்பது வண்டி மட்டுமல்ல, அம்மணி. டீசல், தண்ணீர், அரிசி, நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், அவர் புதிதாக வாங்கிய மீன்பிடி சாமான் எல்லாம் சேர்த்து. பல வண்டிகள் காலியாக நிற்கும்போதே 3,000-ஐ நெருங்கிவிடுகின்றன. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. தண்ணீர் பிரான்சிலும் கிடைக்கிறது. அரிசிக்குப் பாரிசின் லா ஷப்பெலில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன.

கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரெஞ்சு முகாம்களில் பல இடத்தில் 6 ஆம்பியர்தான் தருவார்கள். கிரைண்டர் அதில் சமர்த்தாகச் சுற்றும். லண்டனில் வாங்கிய கெட்டிலை மறந்துபோய்ப் போட்டீர்களானால், மாவு பாதியில், வண்டி இருட்டில்.

டி.என்., ஹாரோ: வழிக்குப் புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

புளிசாதத்துக்கு அனுமதி உண்டு. தயிர்சாதத்துக்கு இல்லை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாலும் போகக் கூடாது. தயிர், நெய், பன்னீர் எல்லாம் அந்தக் குடும்பம். 2021 ஜனவரியில் நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலண்ட் துறைமுகத்தில் லாரி ஓட்டுநர்களின் ஹாம் சாண்ட்விச்சையே பிடுங்கினார்கள், அது டி.வி.யிலும் வந்தது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழே வேண்டாத பழங்கள் ஐந்து: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை.

ஆக, சாப்பாட்டுக்குத்தான் தகராறு. பூஜைக்கு இல்லை.

அவரே: திரும்பி வரும்போது பிரெஞ்சு சீஸ்?

பிரிட்டன் 2025 ஏப்ரலில் பதிலடி கொடுத்துவிட்டது. கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோயைக் காரணம் காட்டி, ஒன்றியத்திலிருந்து பயணிகள் கொண்டுவரும் இறைச்சிக்கும் சீசுக்கும் தடை போட்டது. மாட்டுக்கு வந்தது, உங்கள் தட்டுக்கும் வந்துவிட்டது. கடைசி நாள் இரவே தின்று தீர்க்கவும்.

பி.கே., லூட்டன்: கப்பலில் தனி கேபின் எதற்கு? நம் வண்டியில்தான் படுக்கை இருக்கிறதே?

கப்பல் கிளம்பியதும் வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, கேஸ் மூடி, மாத்திரை, பல்துலக்கி, குழந்தை மூன்றையும் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். அலாரத்தையும் அணையுங்கள். இல்லாவிட்டால் அலை ஆட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் திருடன் வந்ததாக நினைத்து அது கத்தும்.

விதிவிலக்கு இத்தாலி–கிரீஸ் கப்பல்கள் சிலவற்றில் உண்டு. கோடையில் திறந்த தளத்தில் நிறுத்தி, மின்சார இணைப்பும் கொடுத்து, உங்கள் வண்டியிலேயே தூங்க விடுகிறார்கள். ஆட்ரியாட்டிக் கடல்மேல் சொந்தக் கட்டில். கிரேக்கர்களுக்குத் தத்துவம் சும்மா வரவில்லை.

ஒரு தாய், மில்டன் கீன்ஸ்: வண்டி ஏற்றும் கப்பல்கள் கவிழ்ந்திருக்கின்றனவே. பயமாக இருக்கிறது.

இதில் கிண்டல் இல்லை. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீப்ரூகே துறைமுகத்திலிருந்து 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' முன்கதவைத் திறந்தபடியே கிளம்பியது. 193 பேர் இறந்தார்கள். வண்டித் தளம் தடுப்புச் சுவர் இல்லாத ஒரே கூடம். அங்கே நுழைந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்ததும் கப்பல் சில நிமிடங்களுக்குள் சாய்ந்துவிட்டது. 1994 செப்டம்பரில் பால்டிக் கடலில் 'எஸ்டோனியா'வின் முன்கதவு பிய்ந்துபோய் 852 பேர்.

அதற்குப் பிறகுதான் கதவு மூடியதா என்று மாலுமி மேடையிலேயே விளக்கும் கேமராவும் காட்ட வேண்டும், வண்டித் தளத்தில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் நிற்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் இறுகின. நீங்கள் செய்யக்கூடியது: ஏறியதும் பாதுகாப்பு அறிவிப்பைக் காதுகொடுத்துக் கேளுங்கள், கூடும் இடம் எதுவென்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பிறகு போய் டீ குடியுங்கள்.

ஆர்.வி., கார்டிஃப்: கப்பலுக்குள் வண்டியை உருட்டி ஏற்றும் யோசனை யாருடையது?

முதலில் ஏறியது ரயில். 1850-ல் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் முகத்துவாரத்தில் 'லெவியாதன்' என்ற கப்பலுக்குள் சரக்கு ரயில் பெட்டிகளைத் தண்டவாளத்தின் மேலேயே உருட்டி ஏற்றினார் தாமஸ் பௌச். 1928-ல் கேப்டன் டவுன்செண்ட் என்பவர் டோவரிலிருந்து கலேக்குக் கார்களுக்கென்றே கப்பல் விட்டபோது, கார்களைக் கிரேனில் கட்டித் தூக்கித்தான் இறக்கினார்கள். ரயில் உருண்டு ஏறி 78 வருடம் கழித்தும் கார் தொங்கிக்கொண்டுதான் போனது.

பௌச் என்ன ஆனார் என்கிறீர்களா? டே நதிமேல் பாலம் கட்டினார். 1879-ல் அது புயலில் ரயிலோடு விழுந்தது. கப்பலோடு நிறுத்தியிருக்கலாம்.

எல்.எம்., பிளிமத்: பிரிட்டனி ஃபெர்ரீஸ் கப்பலில் காய்கறி மட்டும் அவ்வளவு நன்றாக இருப்பது எப்படி?

கம்பெனியையே ஆரம்பித்தவர்கள் விவசாயிகள். பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் விளைந்த காலிஃபிளவரையும் ஆர்ட்டிசோக்கையும் இங்கிலாந்தில் விற்க வழியில்லை. கப்பல் கம்பெனிகள் கைவிரித்தன. அலெக்ஸி குர்வெனெக் என்ற விவசாயத் தலைவர், நாமே கப்பல் விட்டால் என்ன என்றார். பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது 1973 ஜனவரி 1. மறுநாளே ரோஸ்காஃபிலிருந்து பிளிமத்துக்கு முதல் கப்பல். நாள் பார்ப்பதில் நம் ஜோசியர்கள் தோற்றார்கள்.

மனிதப் பயணிகள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டார்கள். காலிஃபிளவர் ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை என்பது அந்த ஆரம்பக் காலத்தின் தனிச்சிறப்பு.

என்.டி., ரெடிங்: வாந்தி என்றதும் ஞாபகம். பிஸ்கே வளைகுடாவைத் தாண்ட என்ன வழி?

கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளம், கண் தொடுவானத்தில். மாத்திரையை ஏறுவதற்கு முன்னால் போட வேண்டும், தலை சுற்றிய பிறகல்ல. இஞ்சி மொரப்பா கைவசம் இருக்கட்டும். 'அன்லிமிட்டட் பஃபே' என்ற பலகை கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

ஜி.ஆர்., கென்ட்: கலேயில் இறங்கியதும் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தடுமாறாதா?

கலேயில் தடுமாறாது. முன்னால் நூறு வண்டி, பின்னால் நூறு வண்டி, ஆட்டு மந்தையில் ஆடு வழிதவறுவதில்லை. ஆபத்து மறுநாள் காலையில். ஆளில்லாத கிராமம், பெட்ரோல் பங்கை விட்டு வெளியே வருகிறீர்கள், தெருவில் ஈ காக்கை இல்லை. கை தானாக இடப்பக்கம் போகும். அங்கேதான் விழித்துக்கொள்ள வேண்டும்.

முன்விளக்கு எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தாமலிருக்க ஸ்டிக்கர் ஒட்டுங்கள். முந்தும்போது எதிரே வருகிற லாரி உங்களுக்குத் தெரியாது, இடப்பக்க சீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். மனைவி சொல்லே மந்திரம் என்று பெரியவர்கள் சொன்னது பிரெஞ்சு நெடுஞ்சாலைக்கு அப்படியே பொருந்தும்.

சி.எஸ்., ஓய்வுபெற்ற ஆசிரியர், பர்மிங்ஹாம்: நாங்கள் இருவர், வேலை இல்லை. ஆறு மாதம் ஸ்பெயினில் கிடக்கலாமா?

பாதிதான் கிடக்கலாம். எந்த 180 நாளை எடுத்தாலும் ஷெங்கன் நாடுகளில் 90 நாளுக்கு மேல் கூடாது. 90 முடிந்ததும் டோவர் வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது. முத்திரையில் தேதி மங்கலாக இருந்தால் தப்பிக்கலாம் என்ற காலமும் போகிறது. 2025 அக்டோபர் 12 முதல் முகத்தையும் விரல் ரேகையையும் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள்.

ஐரிஷ் பாஸ்போர்ட்காரருக்கு இந்தக் கணக்கே கிடையாது. வீட்டில் ஐரிஷ் மருமகள் இருந்தால் இனியாவது மரியாதையாக நடத்துங்கள்.

பி.எச்., ஆக்ஸ்ஃபோர்ட்: எங்கள் நாயும் வருகிறது.

வரட்டும், தாளோடு. மைக்ரோசிப், வெறிநாய்த் தடுப்பூசி, பிரயாணத்துக்கு முந்தைய 10 நாளுக்குள் கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்நலச் சான்று. திரும்பும்போது நாடாப்புழு மருந்து, பிரிட்டனில் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னால், ஆனால் 120 மணி நேரத்துக்கு மேல் முன்னாலும் போகாமல். வீட்டிலேயே ஒழுங்காக ஃபைல் வைத்திருக்கிற ஒரே ஜீவன் அதுவாகத்தான் இருக்கும்.

கே.வி., சவுத்தால்: ராத்திரி எங்கே நிறுத்துவது? ஓசியில் இடம் உண்டா?

பிரெஞ்சு ஊர்களில் மோட்டார்ஹோமுக்கென்றே 'ஏர்' என்ற நிறுத்தங்கள் உண்டு. சிலது ஓசி, பலது சொற்பக் கட்டணம். 1993-ல் தொடங்கிய 'ஃப்ரான்ஸ் பாஸியோன்' திட்டத்தில் வருடச் சந்தா கட்டினால் திராட்சைத் தோட்டத்திலும் பண்ணையிலும் ஒரு இரவு வாடகையில்லாமல் தங்கலாம். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தோட்டக்காரர் ஒயின் பாட்டிலோடு வந்து சிரித்துக்கொண்டு நிற்பார். ஓசியின் விலை அப்போது தெரியும். நெடுஞ்சாலை ஓரத்து நிறுத்தங்களில் மட்டும் படுக்காதீர்கள், திருட்டுக்குப் பேர்போனவை.

அவர் மனைவி: கக்கூஸ் பெட்டியை யார் காலி செய்வது?

ஓசி இடம் கேட்டவர்.

ஏ.எம்., நாகப்பட்டினம்: எங்கள் ஊரிலிருந்து காங்கேசன்துறைக்கு வேனை ஏற்றிக்கொண்டு போக முடியுமா?

முடியாது. 2023 அக்டோபர் 14-ல் தொடங்கிய கப்பல் ஆட்களுக்கு மட்டும். உங்கள் தாத்தா காலம் இதைவிட மேல். 1914 முதல் மெட்ராசில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனது. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார், ஏறக்குறைய டோவரிலிருந்து கலே தூரம்தான். அங்கே கப்பல் ஓடுகிறது. இங்கே பேச்சுவார்த்தை ஓடுகிறது.

டி.ஜே., இல்ஃபோர்ட்: வீட்டோடு ஊர் சுற்றும் இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்துவைத்தது யார்?

உல்லாசத்துக்கென்றே முதலில் வண்டி கட்டச் சொன்னவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், கடற்படையில் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். 1885-ல் பிரிஸ்டலில் கட்டிய அந்த 'வாண்டரர்' வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. வேலைக்காரர் ஒருவர் மூன்றுசக்கர சைக்கிளில் முன்னால் போய், "பெரியவர் வருகிறார், ஒதுங்குங்கள்" என்று எதிரே வருகிறவர்களை எச்சரிப்பார். நம்மூர் மந்திரி கான்வாய்க்கு அசல் பேட்டன்ட் அங்கே இருக்கிறது.

எஸ்.கே., ஹவுன்ஸ்லோ: பிரெக்ஸிட்டால் கப்பல் பயணிக்கு ஒரு லாபம்கூட இல்லையா?

உண்டு. 1999-ல் ஒழித்த டியூட்டி ஃப்ரீ கடை 2021-ல் திரும்பி வந்துவிட்டது. தயிரைப் பிடுங்கிக்கொண்டு விஸ்கியை நீட்டுகிறார்கள். வாங்குங்கள், ஆனால் திறக்காதீர்கள். இங்கிலாந்தில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.8 கிராம் வரை விடுகிற சட்டம், பிரான்சில் 0.5-லேயே பிடித்துக்கொள்ளும். கப்பலிலேயே திறந்துதான் ஆக வேண்டும் என்றால், சாவியை முதலில் உங்கள் வீட்டம்மாவிடம் கொடுங்கள். கக்கூஸ் பெட்டியும் அன்றைக்கு உங்கள் பொறுப்பு.