நோபல் இருக்கட்டும், விசா எங்கே?

அமெரிக்காவில் விஞ்ஞானப் புலிகளுக்கு கிரீன் கார்டு கொடுக்கும் வகைக்கு ‘ஐன்ஸ்டீன் விசா’ என்று செல்லப்பெயர். பத்துத் தகுதிகளில் மூன்றைக் காட்ட வேண்டும். நோபல் மாதிரி ஒரு பெரிய பரிசு வாங்கியிருந்தால் அது ஒன்றே போதும். நம்மூர் முனைவர்கள் பலர் வக்கீலுக்குப் பணம் கட்டிவிட்டு, சிபாரிசுக் கடிதத்துக்கு அலைவது இதற்காகத்தான். பெயருக்குச் சொந்தக்காரர் பட்ட பாட்டைக் கேட்டால் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

1932 டிசம்பர், பெர்லின். கலிபோர்னியா கிளம்ப ஐன்ஸ்டீன் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்புதான் அமெரிக்காவில் தேசபக்த மாதரணி ஒன்று 16 பக்கத்துக்குப் புகார் மனு போட்டிருந்தது. இந்த ஆள் ஆபத்தான கம்யூனிஸ்ட்; ஸ்டாலினே இத்தனை சங்கங்களில் இல்லை; உள்ளே விடாதீர்கள்! அரசாங்கம் அதைக் குப்பையில் போட்டிருக்கலாம். போடுமா? பத்திரமாக பெர்லின் துணைத் தூதரகத்துக்கு அனுப்பிவைத்தது. பிற்பாடு 1,400 பக்கத்தைத் தாண்டிய அவருடைய எஃப்.பி.ஐ. கோப்புக்குப் பிள்ளையார் சுழியும் இதே மனுதான்.

துணைத் தூதரகத்தில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அரசியல் கொள்கை என்ன என்றதற்கு, தெரியவில்லையே என்றார். ஏதாவது சங்கத்தில் உறுப்பினரா? தலைமுடியைக் கோதிக்கொண்டு மனைவி எல்சாவைத் திரும்பிப் பார்த்தார். பிரபஞ்சத்தையே வளைத்துக் காட்டிய மேதைக்கும் இந்த மாதிரி விவரமெல்லாம் வீட்டுக்காரம்மாவிடம்தான் இருக்கும் போல. கேள்விகள் நீள நீள மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நாளை மதியத்துக்குள் விசா வராவிட்டால் பயணமே கிடையாது! எல்சா பத்திரிகைக்காரர்களுக்குப் போன் போட்டார். மறுநாளே விசா தயார்.

அடுத்த மாதமே ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஐன்ஸ்டீன் ஜெர்மனிக்குத் திரும்பவேயில்லை. 1933 அக்டோபரில் பிரின்ஸ்டனுக்குக் குடிவந்தார். ஆனால் கையில் இருந்ததோ விருந்தாளி விசா. நிரந்தரமாகத் தங்க வேண்டுமானால் நாட்டைவிட்டு வெளியே போய், அங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்துவிட்டு மறுபடி நுழைய வேண்டும். நியூட்டன் விதியையே கேள்வி கேட்டவர் இந்த விதிக்கு மட்டும் வாயைத் திறக்காமல், 1935 மே மாதம் குடும்பத்தோடு பெர்முடாவுக்குக் கப்பல் ஏறினார்.

பிரிட்டிஷ் கவர்னரே துறைமுகத்துக்கு வந்து வரவேற்று, இரண்டு உயர்தர ஹோட்டல்களைச் சொன்னார். நம்மவருக்கு அந்தப் பகட்டு பிடிக்கவில்லை. தெருவில் நடந்துபோகையில் கண்ணில் பட்ட எளிய விடுதியில் தங்கிக்கொண்டார். பெரிய வீட்டு அழைப்பையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு, உணவகத்தில் அறிமுகமான ஜெர்மன் சமையல்காரரோடு சின்னப் படகில் பாய் விரித்துக் கிளம்பிவிட்டார். ஏழு மணி நேரம் ஆளைக் காணோம். நாஜிகள்தான் தூக்கிவிட்டார்களோ என்று எல்சா பதறிக்கொண்டு தேடினால், ஐயா சமையல்காரர் வீட்டில் ஜெர்மன் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார்! வந்த காரியமும் முடிந்தது; முறையான குடியேறியாகத் திரும்பினார்.

1940 அக்டோபர் 1-ல் ட்ரென்டன் நகரில் உறுதிமொழி எடுத்து அமெரிக்கக் குடிமகனும் ஆனார். 1901-ல் வாங்கிய சுவிஸ் குடியுரிமையை மட்டும் கடைசிவரை கைவிடவில்லை.