கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்

சிவகாசியில் அச்சாபீஸ் மை வாசமும் பட்டாசு மருந்து வாசமும் கலந்து வீசிய அந்தக் காலத்தில், ஐகோர்ட் ஜட்ஜ் என்பவர் எங்களுக்கு வெறும் பெயர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தோற்ற கேஸை அப்பீலுக்குக் கொண்டுபோக, மஞ்சள் பையில் கட்டைத் திணித்துக்கொண்டு ராத்திரி ரயில் ஏறி மெட்ராஸ் போய்த் திரும்பியவர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கட்டடத்தையும் டவாலி சேவகரையும் வர்ணிப்பாரே தவிர, தீர்ப்புச் சொல்லப்போகிறவர் எந்த மேடையில் என்ன பேசினார் என்று யாரும் விசாரித்ததில்லை. 2004-இல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை திறந்தபின் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. சௌகரியம்தான், ஆனால் அந்தப் பெஞ்சுக் கதைகள் போய்விட்டன.

அந்தரங்கம் என்ற பேச்சும் அப்போது தெருவில் கிடையாது. போஸ்ட் கார்டைப் படித்துவிட்டே தபால்காரர் நீட்டுவார்: “அண்ணாச்சி, பேத்தி பொறந்திருக்காம்ல!” அந்தச் சந்தோஷத்தில் அவருக்கும் பங்கு இருந்தது. வெளியே தெரியக்கூடாத சங்கதி என்றால் மட்டும் இன்லாந்து லெட்டர் வாங்கி, சோற்றுப் பருக்கையை நசுக்கி ஓரத்தை அழுத்தி ஒட்டுவோம். எது ஊருக்கு, எது வீட்டுக்கு என்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

ஏறக்குறைய அதையேதான் 1994-இல் உச்ச நீதிமன்றம் சட்டமாக்கியது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பாக எங்கள் அருப்புக்கோட்டைக்காரர், பத்திரிகை ஆசிரியர் நக்கீரன் கோபால் தொடுத்த வழக்கில், ஒருவரின் குடும்ப விஷயத்தில் பிறர் நுழையக்கூடாது, ஆனால் பொதுப்பதவியில் இருப்பவர் தம் கடமை சார்ந்த காரியங்களுக்கு அந்த உரிமையைக் கேடயமாக்க முடியாது என்றார்கள். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கூடி அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உறுதிசெய்தபோதோ, கைப்பேசி வந்து வீட்டுக்குள் இருந்ததையெல்லாம் வீதிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

அந்தக் கைப்பேசியில்தான், மதுரைக் கிளையில் வக்கீலாக இருந்த எல். விக்டோரியா கௌரி 2023 பிப்ரவரி 7 காலை சென்னையில் நீதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தேன். பாரதிய ஜனதா மகளிரணியில் பொறுப்பு வகித்தவர், சிறுபான்மையினருக்கு எதிராக அவர் பேசியவை பதிவாகவே இருக்கின்றன என்று வக்கீல்கள் போட்ட மனுவை, அதே காலையில் டெல்லியில் உச்ச நீதிமன்றத்தின் சஞ்சீவ் கன்னா, பி.ஆர். கவாய் அமர்வு தள்ளுபடி செய்தது; பொருத்தமானவரா என்பதைக் கோர்ட் எடைபோடாது என்றது. பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்தார் என்ற குறிப்போடு திரும்பிவந்த வக்கீல் ஜான் சத்யன் பெயரோ, நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் கொலீஜியம் மறுபடி அனுப்பியும் ஆணை வராமல் கிடந்தது.

கட்சி வாசனை ஒன்றே குற்றமாகாது. கேரளத்தில் நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் இருந்து, பின்னர் நீதிபதியான வி.ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்புகளை இன்றும் கொண்டாடுகிறோம். கௌரியிடம் அவர் பேசியதைப் பற்றிக் கேட்காமல் விட்டதுதான் குறை. அமெரிக்காவில் 1987-இல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க்கை செனட் கமிட்டி நாட்கணக்கில் உட்காரவைத்து அந்தரங்க உரிமை பற்றிக் கேட்டது. கடைசியில் செனட் 58-க்கு 42 என்று நிராகரித்தது. அப்போது அவர் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட் பட்டியலை ஒரு பத்திரிகை வெளியிட்டது அநியாயம்; மறுவருஷமே அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. சட்டக் கருத்தைக் கேட்பது முறை, கேசட்டைத் துருவுவது முறைகேடு.

நாம் அந்த மாதிரி சபை கூட்ட வேண்டாம். பேசியது நீங்கள்தானா, இன்றும் அதே எண்ணமா, நீங்கள் எதிர்த்துப் பேசிய மதத்துக்காரர் உங்கள் முன் வழக்காட நின்றால் எப்படிப் பார்ப்பீர்கள் என்று கொலீஜியம் நேரில் கேட்டு, கேள்வியையும் பதிலையும் வெளியிட்டால் போதும். வெடிவிபத்தில் புருஷனைப் பறிகொடுத்து நஷ்டஈட்டுக்காக மதுரைக்கு பஸ் ஏறுகிற பட்டாசுத் தொழிலாளியின் மனைவிக்கு, தன் சாதியும் மதமும் அங்கே எடுபடாது என்ற நம்பிக்கை வேண்டும். பதவியேற்றபின் நீதிபதியிடம் யாரும் இதைக் கேட்க முடியாது. அதற்குமுன் கேட்பதே அவளுக்கும் மரியாதை, அந்த நாற்காலிக்கும் மரியாதை.